பட்டியலில் இல்லாத மாநிலம்: கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரிப் பயணம்

செவ்வாய், செரிட்டோஸ்

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் படிப்புக்கென்றே எழுந்த கல்லூரிகள் இன்று ஏறக்குறைய நூறு இருக்கின்றன. எச்.பி.சி.யு. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஹோவர்ட், மோர்ஹவுஸ், ஸ்பெல்மன், டஸ்கீகி என்று நாலைந்து பெயர்கள் நமக்கும் தெரிந்திருக்கும். பெரும்பாலானவை தென் மாநிலங்களில்தான். மேற்குக் கடற்கரையில் ஒன்றுகூட இல்லை. நாட்டிலேயே அதிக மக்கள் வாழும் மாநிலமான எங்கள் கலிஃபோர்னியாவிலும் இல்லை.

இனிப் புதிதாக ஒன்று தொடங்கவும் வழியில்லை. 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம், பின்னால் செய்த திருத்தங்களோடு, எச்.பி.சி.யு. எது என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. கறுப்பின மக்களுக்குக் கல்வி தருவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு 1964-க்கு முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். அந்தப் பெயர் இருந்தால்தான் அதற்கென்று ஒதுக்கிய கூட்டரசு நிதி வரும். நாளைக்கே யாராவது ஓக்லாண்டில் அருமையான கல்லூரி ஒன்றைக் கட்டினாலும் அது அந்தப் பட்டியலில் ஏறாது.

இந்த விஷயம் எனக்கு அண்ணி மூலமாகத்தான் பழக்கம். அவர் இரண்டாண்டுப் படிப்பு தரும் ஒரு கம்யூனிட்டி காலேஜில், மாணவர்கள் நாலாண்டுக் கல்லூரிக்கு மாறிப்போக வழிகாட்டும் பிரிவில் வேலை பார்க்கிறார். கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்கள் 2015 மார்ச்சில் ஒன்பது கறுப்பினக் கல்லூரிகளோடு ஒப்பந்தம் போட்டன. மாற்றத்தக்க பாடங்களில் 30 யூனிட் முடித்து, மதிப்பெண் சராசரி நாலுக்கு 2.5 இருந்தால் இடம் உறுதி. டஸ்கீகி, ஃபிஸ்க், டில்லார்ட், டல்லடேகா எல்லாம் அந்த ஒன்பதில் இருந்தன. இப்போது எண்ணிக்கை முப்பதைத் தாண்டிவிட்டது.

போன வாரம் ஒரு அம்மாவும் மகளும் அண்ணியிடம் வந்திருக்கிறார்கள். மகளுக்கு 2.7. டஸ்கீகிக்குப் போகலாம் என்றதும் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டதாம். அம்மா மட்டும் கைப்பையிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். வெளிமாநிலக் கட்டணம், விடுதி, சாப்பாடு. கடைசியில் நிமிர்ந்து, "கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்கு வந்துபோக யார் டிக்கெட் எடுப்பது?" என்று கேட்டிருக்கிறார். அண்ணியிடம் அதற்குப் பதில் இல்லை.

ஒரு பெண் தனக்கு ஏற்ற கல்லூரிக்கு இரண்டாயிரம் மைல் ஏன் போக வேண்டியிருக்கிறது? அந்தக் கல்லூரிகளில் ஒன்றை இங்கே கொண்டுவர யார் யார் முயன்றார்கள்? பிப்ரவரி விடுமுறையில் அண்ணியோடு வடக்கே கிளம்புகிறேன். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதுகிறேன்.

புதன், வில்லோபுரூக்

வடக்கே போவதற்கு முன் பக்கத்திலேயே ஓர் இடம். மெட்ரோவில் வில்லோபுரூக் - ரோசா பார்க்ஸ் நிலையத்தில் இறங்கினால், சார்ல்ஸ் ஆர். டிரூ மருத்துவ, அறிவியல் பல்கலைக்கழகம் நடக்கும் தூரம்தான்.

1965 ஆகஸ்டில் இதற்கு அடுத்த பகுதியான வாட்ஸில் கலவரம் வெடித்தது. 34 பேர் இறந்தார்கள். ஏன் இப்படி ஆனது என்று ஆராய மாநில அரசு அமைத்த குழு, இந்த வட்டாரத்துக்கு ஒரு நல்ல மருத்துவமனை வேண்டும் என்று சொன்னது. மருத்துவமனை 1972-இல் திறந்தது. அதற்கு மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியாக 1966-இலேயே டிரூ தொடங்கிவிட்டது. ரத்த வங்கி முறைக்கு அடித்தளம் போட்ட மருத்துவர் சார்ல்ஸ் டிரூவின் பெயர். அவரே ஹோவர்டில் பேராசிரியராக இருந்தவர்.

ஆண்டைப் பாருங்கள், 1966. சட்டம் சொல்லும் கெடுவுக்கு இரண்டு வருஷம் பிந்திவிட்டது. அதனால் எச்.பி.சி.யு. பட்டியலில் டிரூ இல்லை. கறுப்பின முதுநிலைக் கல்வி நிறுவனங்களுக்கான தனிப் பிரிவில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பெயர் சொல்லிச் சேர்த்ததால் அதற்கு உதவி வருகிறது.

வளாகம் சின்னது. வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் கும்பலாகக் கடந்துபோனார்கள். டிரூ பல பத்தாண்டுகளாக லாஸ் ஏஞ்சல்ஸின் பெரிய அரசுப் பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ.வோடு சேர்ந்துதான் டாக்டர்களை உருவாக்கி வந்தது. தன் சொந்தப் பெயரில் எம்.டி. என்னும் மருத்துவர் பட்டம் தரும் படிப்பின் முதல் வகுப்பு, 60 பேரோடு, 2023-இல்தான் உள்ளே வந்தது. நடுவில் எதிரே இருந்த பெரிய மருத்துவமனை 2007-இல் மூடப்பட்டு, 2015-இல் புதிதாக ஒன்று வந்தது. அந்த எட்டு வருஷமும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பக்கத்தில் மருத்துவமனை இல்லாமலேயே இந்தப் பல்கலைக்கழகம் தாக்குப்பிடித்தது. வெறும் கட்டடமாக மட்டும் இருந்திருந்தால் அப்போதே மூடியிருப்பார்கள். இது தங்களுடையது என்று ஊர் நினைத்ததால்தான் நின்றது என்று நம்புகிறேன்.

வியாழன், ஆலன்ஸ்வர்த்

விடியற்காலை புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். கிரேப்வைன் மலை இறங்கியதும் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. பேக்கர்ஸ்ஃபீல்ட் தாண்டும்வரை முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனோம். டெலானோ பக்கம் பனி விலகியது. சாலையின் இரண்டு பக்கமும் பாதாம் தோப்புகள் பூத்து வெள்ளையாக நின்றன. எர்லிமார்ட்டில் 99-ஆம் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால், அப்புறம் தட்டையான நிலம், ரயில் பாதை, ஆலன்ஸ்வர்த்.

இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்து வந்த ஊர் இதுதான். ஆலன் ஆலன்ஸ்வர்த் 1842-இல் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது தப்பி வந்து கடற்படையில் சேர்ந்தார். பிறகு நாஷ்வில்லில், விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கிய ராஜர் வில்லியம்ஸ் கல்லூரியில் படித்தார். போதகரானார், ராணுவத்தில் சேர்ந்து, 1906-இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்றார். அந்தப் பதவிக்கு உயர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 1908-இல் நண்பர்களோடு சேர்ந்து இங்கே நிலம் வாங்கி, கறுப்பின மக்கள் தாங்களே நடத்தும் ஊரை உருவாக்கினார். பள்ளிக்கூடம், நூலகம், கடைகள், தேவாலயம் எல்லாம் வந்தன. அடுத்து அவர் ஆசைப்பட்டது ஒரு தொழிற்கல்லூரி. தொழிற்கல்விக்குப் பேர்போன அலபாமாவின் டஸ்கீகியை நினைத்து 'மேற்கின் டஸ்கீகி' என்றே அதைச் சொன்னார்கள்.

இப்போது அது மாநில வரலாற்றுப் பூங்கா. நாங்கள் போன நேரத்தில் கட்டடங்கள் பூட்டியிருந்தன. பள்ளிக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். வரிசையாக மர மேசைகள். ஒவ்வொன்றும் முன்வரிசை இருக்கையின் முதுகோடு இணைந்தது. எதிரே கரும்பலகை. பக்கத்து நூலகம் கர்னலின் மனைவி ஜோசஃபின், தன் தாயின் நினைவாகக் கொடுத்தது. அவ்வளவு சிறிய ஊரில், தண்ணீருக்கே திண்டாடிய ஊரில், புத்தகங்களுக்கு ஒரு தனிக் கட்டடம்.

தண்ணீர் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். நிலம் விற்ற கம்பெனி ஒப்புக்கொண்ட அளவு தண்ணீரைத் தரவில்லை. 1914-இல் ரயில் நிறுத்தமும் பக்கத்து ஊரான ஆல்பாவுக்குப் போய்விட்டது. அதே வருஷம் செப்டம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்து ஊரான மன்ரோவியாவில் மோட்டார் சைக்கிள் மோதிக் கர்னல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு, 1915-இல், தொழிற்கல்லூரிக்கான மசோதா மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் தோற்றது.

அதைத் தோற்கடித்தவர்கள் வெள்ளையர்கள் மட்டும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலும் மற்ற நகரங்களிலும் இருந்த கறுப்பினத் தலைவர்கள் சிலரே வேண்டாம் என்றார்கள். முதலில் எனக்கு இது புரியவில்லை. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வைசாலியா ஊரின் வழக்கைப் படித்த பிறகுதான் புரிந்தது. 1888-இல் அங்கே எட்மண்ட் வைசிங்கர் என்பவரின் மகனைப் பள்ளியில் சேர்க்க மறுத்து, கறுப்பினப் பிள்ளைகளுக்கான தனி இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அவர் வழக்குப் போட்டார். 1890-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பொதுப் பள்ளியில் பையனைச் சேர்த்தே ஆகவேண்டும்.

அதே 1890-இல்தான் வாஷிங்டனில் இரண்டாவது மோரில் சட்டம் நிறைவேறியது. அரசுக் கல்லூரியில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத மாநிலம், அவர்களுக்கென்று தனியாக ஒன்றை நடத்தினால்தான் கூட்டரசுப் பணம் கிடைக்கும் என்றது அது. ஒதுக்கிவைத்த தென் மாநிலங்களில் அப்படித்தான் பல கறுப்பின அரசுக் கல்லூரிகள் வந்தன. கலிஃபோர்னியா சட்டப்படி ஒதுக்கவில்லை. அதனால் கட்டவும் இல்லை. போராடிப் பொதுப் பள்ளியின் கதவைத் திறந்து இருபத்தைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த நிலையில் தனிக் கல்லூரி என்றால், திறந்த கதவை மறுபடி மூட ஒரு சாக்காகிவிடும் என்று அந்தத் தலைவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. கர்னலின் கனவிலும் நியாயம் இருந்தது. தன் மக்களுக்காகவே தொடங்கிய கல்லூரி அவரை ஆளாக்கியதை அவர் அனுபவத்தில் கண்டவர்.

இன்றைக்கு நின்று பார்க்கும்போது நான் கர்னல் பக்கம்தான். கதவு திறந்திருந்தாலும் உள்ளே போன பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்க ஓர் ஆசிரியர் வேண்டும். அந்தக் கல்லூரி வந்திருந்தால், 1964 என்ற கெடுவுக்கு வெகு முன்பே கலிஃபோர்னியாவின் பெயர் பட்டியலில் இருந்திருக்கும். மசோதா தோற்றது 1915. அசல் டஸ்கீகி கலிஃபோர்னியா மாணவர்களுக்கு இடம் உறுதி என்று கையெழுத்துப் போட்டது 2015. நூறு வருஷம்.

பூங்காவை ஒட்டிச் சரக்கு ரயில் ஒன்று போனது. பெட்டிகள் முடிய வெகுநேரம் ஆனது. அண்ணி கார் பானெட்டின் மேல் இலையை விரித்தார், சாப்பிட்டோம். பூங்காவுக்கு வெளியே இன்றும் மக்கள் வாழ்கிறார்கள், பெரும்பாலும் லத்தீன் குடும்பங்கள். கிணற்று நீரில் ஆர்செனிக் இருப்பதால் நல்ல தண்ணீருக்காக இன்னும் போராடுகிறார்கள்.

வெள்ளி, சாக்ரமெண்டோ

மசோதா தோற்ற சட்டமன்றத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, சாக்ரமெண்டோ மாநிலப் பல்கலைக்கழகம் போனோம். கால் ஸ்டேட் என்னும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்கள் அதிகம் படிப்பது இங்கேதான். 2024 இலையுதிர் பருவத்தில் இங்கே கறுப்பின மாணவர் வாழ்வையும் வரலாற்றையும் மையமாக வைத்த ஹானர்ஸ் கல்லூரி ஒன்று தொடங்கியது. நாட்டிலேயே இப்படி ஒன்று இதுதான் முதல். அதே ஆண்டு மாநிலம் ஒரு புதுச் சட்டமும் போட்டது. கறுப்பின மாணவர்கள் 10 சதவீதமோ 1,500 பேரோ இருந்து, அவர்களுக்கான திட்டமும் வைத்திருந்தால், அந்தக் கல்லூரி 'கறுப்பின மாணவர்களுக்குச் சேவை செய்யும் நிறுவனம்' என்ற பெயரைக் கேட்டுப் பெறலாம்.

நல்லதுதான். கூட்டரசுப் பட்டியல் மூடிக்கிடக்கும்போது மாநிலம் தனக்கென்று ஒரு பட்டியலைத் திறந்திருக்கிறது. ஆனால் பெரிய பல்கலைக்கழகத்துக்குள் ஒரு கல்லூரி என்பது வேறு, முழு வளாகமும் தங்களுடையது என்பது வேறு. அண்ணிக்கு இதைவிட உடனடியான குறை ஒன்று. "கால் கிராண்ட் என்ற மாநில உதவித்தொகைப் பணம் இந்த மாநிலக் கல்லூரிக்குத்தான் செல்லும். எல்லையைத் தாண்டினால் போச்சு. நாங்கள் ஒரு கையால் இடத்தைக் கொடுத்துவிட்டு, மறுகையால் உதவித்தொகையை வாங்கிக்கொள்கிறோம்" என்றார். இங்கே நாலாண்டுக் கறுப்பினக் கல்லூரி ஒன்றுகூட இல்லாதபோது, அந்தப் பணத்தை மாணவரோடு அனுப்புவதுதான் நேர்மை. அந்த அம்மா கவரின் பின்பக்கத்தில் போட்ட கணக்கில் ஒரு வரி அப்போது மாறியிருக்கும்.

சனி, ஓக்லாண்ட்

ஒரு கல்லூரிக் கண்காட்சிக்குப் போனோம். தெற்கிலிருந்து கறுப்பினக் கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதிப்பெண் பட்டியலை நீட்டினால் அங்கேயே பார்த்து, அங்கேயே இடம் தருகிறார்கள். ஒரு பையன் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கணக்குப் பாடத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார், அவன் தலையாட்டினான். எழுந்து நின்று கை கொடுத்தார். பின்னால் நின்ற அவன் பாட்டி போட்ட சத்தத்தில் அரங்கமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது.

இந்தப் பாட்டிமார்களின் பெற்றோர் எங்கிருந்து வந்தவர்கள் என்று யோசித்தால் கதை இன்னும் தெளிவாகும். இரண்டாம் உலகப் போரில் பக்கத்து ரிச்மண்டில் கைசர் கப்பல் தளங்கள் இரவு பகலாக ஓடின. லூசியானா, டெக்சஸ், அர்கன்சாவிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலைக்கு வந்தன. மக்கள் வந்தார்கள், கல்லூரிகள் அங்கேயே நின்றுவிட்டன.

நமக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. துளசேந்திரபுரத்துக் கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ் இதே ஓக்லாண்டில் பிறந்தவர். பெர்க்லியில் வளர்ந்து, மாண்ட்ரியாலில் பள்ளி முடித்து, பட்டம் வாங்க ஹோவர்டைத் தேர்ந்தெடுத்தார். 1986-இல் அங்கே பட்டம் பெற்றார். அவருடைய வெற்றி தோல்விகளைப் பற்றி நம் வீடுகளில் எவ்வளவோ பேசினோம்; ஹோவர்டைப் பற்றி அதில் கால்வாசிகூடப் பேசவில்லை.

ஞாயிறு, சான் பிரான்சிஸ்கோ

மழை. லார்கின் தெருவில் உள்ள, எல்லா மக்களும் தோழமை கொள்ளும் தேவாலயத்துக்குப் போனோம். இதை 1944-இல் தொடங்கிய இருவரில் ஒருவர் ஹோவர்ட் தர்மன். மோர்ஹவுஸில் படித்தவர், ஹோவர்ட் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைவராக இருந்தவர். 1935-இல் ஒரு கறுப்பினத் தூதுக்குழுவை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அழைத்து வந்தார். உங்களை அடிமையாக்கியவர்களின் மதத்தை நீங்கள் எப்படி ஏற்கிறீர்கள் என்று கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவரிடம் நேராகக் கேட்டார்கள். 1936-இல் காந்தியைச் சந்தித்தார். பிறகு ஹோவர்டை விட்டு இந்த நகரத்துக்கு வந்து, எல்லா இனத்தவரும் சேர்ந்து கும்பிடும் இந்தச் சபையைக் கட்டினார். கறுப்பினக் கல்லூரி ஒன்று வளர்த்த மனிதர் மேற்குக்கு எதைக் கொண்டுவர முடியும் என்று காட்டியவர்.

கல்லூரியையே கொண்டுவர இந்த நகரம் 2024-இல் ஒரு முயற்சி எடுத்தது. அப்போதைய மேயர் லண்டன் பிரீட், கறுப்பினக் கல்லூரி ஒன்றின் கிளை வளாகத்தை இங்கே நிறுவ வேண்டும் என்றார். அதன் முன்னோட்டமாக அந்தக் கோடையில் தெற்கிலிருந்து மாணவர்கள் வந்து, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் தங்கிப் படித்தார்கள். அந்த நவம்பர் தேர்தலில் அவர் தோற்றார்.

கிளை வளாகம் என்ற யோசனையில்தான் உண்மையான வழி இருக்கிறது. கிளை தனிக் கல்லூரி ஆகாது, தாய்க் கல்லூரியின் பகுதிதான். அதனால் 1964 கெடு அதைத் தடுக்காது. மூடிப்போன பழைய பெயரை எழுப்பியவர்களும் உண்டு. டெட்ராய்ட்டின் லூயிஸ் வணிகக் கல்லூரி 2013-இல் மூடியது. காலணி வடிவமைப்பாளர் டிவெய்ன் எட்வர்ட்ஸ் அதை 2022-இல் வடிவமைப்புக் கல்லூரியாக மறுபடி திறந்தார். அதற்கு மிச்சிகன் மாநிலம் சட்டமே போட்டது. ஆனால் கலிஃபோர்னியாவில் எழுப்புவதற்கு அப்படி ஒரு பெயரும் இல்லை. இங்கே கிளைதான் வழி.

திரும்பும் வழியெல்லாம் எங்களுக்குள் வாக்குவாதம், எங்கே வைப்பது என்று. டவுன்டவுனில் அலுவலக மாடிகள் காலியாகக் கிடக்கின்றனவே, அங்கேயே வைக்கலாம் என்றேன்.

"இந்த ஊரில் 1970-இல் பதின்மூன்று சதவீதம் இருந்தவர்கள் இன்றைக்கு ஆறு சதவீதம்கூட இல்லை. வாடகை துரத்திவிட்டது. பிள்ளைகள் இருக்கிற பக்கம் வை" என்றார் அண்ணி.

"அப்படியென்றால் ஓக்லாண்டா?"

"ஓக்லாண்ட்தான். பாஸ்டனில் இருக்கிற நார்த்ஈஸ்டர்ன் 2022-இல் வந்து மில்ஸ் கல்லூரியை முழுசாகச் சேர்த்துக்கொண்டதே. அங்கிருந்து வர முடிந்தது என்றால் டஸ்கீகியால் ஏன் முடியாது?"

பணம்தான் என்றேன். நார்த்ஈஸ்டர்னிடம் இருக்கிற பணம் இவர்களிடம் கிடையாது. அதற்கும் அண்ணி விடவில்லை. டெலவேர் ஸ்டேட் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகம் 2021-இல் பக்கத்து வெஸ்லி கல்லூரியை வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டதை எடுத்துச் சொன்னார். 

கில்ராய் வருவதற்குள் நான் ஓக்லாண்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். சாலினாஸ் தாண்டியும் முடிவாகாமல் இருந்தது, முதல் வருஷம் என்னென்ன பாடங்கள் வைக்கலாம் என்பது. அண்ணி நர்ஸிங் என்கிறார். ஆசிரியர் பயிற்சி என்கிறேன் நான்.